உடன்கற்றோன் உரைத்த பாயிரம்: ஆர்ட்டிமஸ் வார்டும் மார்க் டுவெய்னும்

நூலொன்று செய்தவன் எத்துணைப் புலமையுடையானாயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாதென்பது நம் முன்னோர் கொள்கை. பிறர் அவனுக்காகப் பேசுதல் வேண்டும். அங்ஙனம் பேசுதற்குரியார் யாவர் என்பதனைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரப் பகுதியில் வரையறுத்துள்ளார். நூலாசிரியனுக்குக் கற்பித்த ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றோன், அவன்பாற் பாடங்கேட்ட மாணாக்கன், நூலுக்குத் தக்க உரை காண்போன் ஆகிய நால்வருமே சிறப்புப்பாயிரம் செய்தற்குரியர்.

இப்பகுதியை வகுப்பிற் பயின்றபொழுது நால்வரையும் ஒரு நிகராகவே எண்ணிச் சென்றோம். பின்னர் ஆராயுங்கால் அவர் நிலை ஒன்றன்று எனத் தோன்றிற்று. ஆசிரியன் தன் மாணவனைப் புகழும்பொழுது ஒருவாற்றான் தன் கற்பித்தலையும் புகழ்கின்றான். மாணாக்கன் கூறுவது நன்றிக்கடன். உரைகாரனோ பெரும்பாலும் நூலாசிரியன் மறைந்த பின்னர் வருகின்றவன். அவனுக்கும் நூலாசிரியனுக்கும் போட்டியென்பது இல்லை. உடன்கற்றோன் ஒருவனே இடருட்படுகின்றான். ஒரே தொழிலில் ஒரே படியில் நிற்கும் இருவருள் ஒருவன் மற்றவனைச் சுட்டி, "இவனைக் கேண்மின்" என்று கூறுவானாயின், கேட்போர் தன்னை மறந்து அவனையே கேட்டுக்கொண்டிருக்கவுங் கூடும்.

யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட செய்தி அத்தகைய பாயிரமொன்றைப் பற்றியது. அது செய்யுளாலாகியதன்று, சில கடிதங்களும் ஒரு வேண்டுகோளுமே அதன் உடல். நிகழ்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. காலம் 1863 முதல் 1865 வரை. உரைத்தவர் ஆர்ட்டிமஸ் வார்டு. உரைக்கப்பட்டவர் மார்க் டுவெய்ன். இரண்டாவது பெயரைக் கேளாத மாணவர் நம் கல்லூரியில் இரார். முதற்பெயரை அறிந்தார் எத்துணையர் உளர் என்பது ஐயமே. 1863-ஆம் ஆண்டிலோ நிலைமை இதற்கு நேர்மாறாயிருந்தது.

ஆர்ட்டிமஸ் வார்டு என்பது புனைபெயர். அவரது இயற்பெயர் சார்லஸ் பாரர் பிரௌன். 1834-ஆம் ஆண்டில் மெயின் மாநிலத்து வாட்டர்போர்டு என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து அச்சுக்கோக்குந் தொழிலை மேற்கொண்டார். பாஸ்டன் நகரில் 'கார்ப்பெட் பேக்' என்னும் நகைச்சுவை வாரத்தாளின் அச்சகத்தில் வேலைபார்த்த காலத்தே, தாமும் அத்தாளிற் சிறு கட்டுரைகள் எழுதலானார். 1852-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் வெளிவந்த அத்தாளில், மிசௌரி மாநிலத்து ஹானிபால் என்னும் ஆற்றங்கரையூரிலிருந்து பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் அனுப்பிய சிறுகதையும் இடம்பெற்றது. அதன்கீழ்ப் பெயரின் முதலெழுத்துக்கள் மூன்று மட்டுமே இருந்தன. அச்சிறுவனே சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ். பிற்காலத்து மார்க் டுவெய்ன். அவனும் தந்தையை இழந்தவன், அவனும் அச்சுக்கோப்பவன். ஒருவரையொருவர் அறியாமலே இருவரும் ஒரே திண்ணைப் பள்ளியின் மணலில் எழுதினர் என்னலாம். ஆதலின் வார்டை உடன்கற்றோன் என யாம் கூறியது வெற்றுரையன்று.

பிரௌன் 1857-ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரின் 'பிளெயின் டீலர்' பத்திரிகையில் உள்ளூர்ச் செய்திப் பகுதிக்கு ஆசிரியராயினார். தெருச்சண்டை, தீவிபத்து, நீதிமன்றத் தண்டனை ஆகியனவே அவர்க்குரிய பொருள்கள். செய்தி குறைந்த நாளிலும் பத்தி நிரம்ப வேண்டுமன்றோ? 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆர்ட்டிமஸ் வார்டு என்னும் கற்பனைக் காட்சிக்காரன் ஒருவன் எழுதியதாகக் கடிதமொன்றைப் புனைந்து வெளியிட்டார். மெழுகுப் பொம்மைகளையும் ஒரு கங்காருவையும் வண்டியிலேற்றி ஊரூராகச் சென்று காசு தண்டுபவன் அக்காட்சிக்காரன். எழுத்தறிவு குறைந்தவன், ஆயினும் உலகினர்க்கெல்லாம் அறிவுரை கூறுதலில் ஒருசிறிதும் பின்வாங்காதவன். கடிதங்கள் நாடெங்கும் பரவின. அவற்றைத் திரட்டி 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் பெருந்தொகையாக விற்றது. மக்கள் பிரௌனை மறந்து வார்டையே அறிந்தனர்.

அக்கடிதங்களில் நகை விளைப்பது பெரும்பாலும் எழுத்துப்பிழை. காட்சிக்காரன் ஒவ்வொரு சொல்லையும் தன் செவிக்கேற்றவாறே எழுதுவான். நம் நாட்டில் ஒருவன் 'பளைய பளக்கம்' என்றெழுதிவிட்டுப் பெரும்புலவன் போன்று தமிழ்த்தொண்டு பற்றிப் பேசுவானாயின் நமக்கு நகை தோன்றுமன்றோ? அதனையொத்தது இது. இவ்வகை நகை ஒரு பக்கத்திற்கு இனிது. இருபது பக்கத்திற்கு இளைப்புத் தருவது. ஓரளவு கல்வி பெற்றோர் அதனினுங் குறைந்தோரைக் கண்டு மகிழும் மகிழ்ச்சி அதன்கண் விரவிக் கிடத்தலை மறுத்தற்கில்லை. வார்டின் நூல்கள் இக்காலத்துப் பயிலப்படாமைக்கு இதுவே முதற் காரணமென யாம் கருதுகின்றோம்.

எனினும் பிழையை நீக்கிப் பார்த்தாலும் எஞ்சி நிற்பது ஒன்றுண்டு. யுட்டிக்கா என்னும் ஊரில் நிகழ்ந்ததாக அவர் எழுதிய கதையைக் காண்க. காட்சிக்காரன் நம் ஆண்டவரின் கடைசி இராப்போசனத்தை மெழுகுப் பொம்மைகளாக அமைத்துக் காட்டுகின்றான். தடித்த உருவினன் ஒருவன் உள்ளே வருகின்றான். யூதாஸ்காரியோத்தின் பொம்மையைக் கண்டதும் அதன் காலைப் பற்றிக் கீழே இழுத்துப் போட்டு நையப் புடைக்கின்றான். "அது மெழுகு" எனக் காட்சிக்காரன் கூறியும் அவன் கேட்கவில்லை. யூதாஸ் தன் ஊருக்குள் தலைகாட்டுதலாகாதென்பதே அவன் வழக்கு. பதினெட்டு நூற்றாண்டு கழித்து வந்த இச்சினத்தை எள்ளுவதா, அதனுள் மறைந்து கிடக்கும் பத்தியைப் பாராட்டுவதா என்பது எமக்கு இன்னும் விளங்கவில்லை. நல்ல நகைச்சுவை நம்மை இவ்வாறு இரண்டுக்கும் இடையே நிறுத்திவிடுகின்றது.

இக்கதைக்கு வரலாற்றில் ஓரிடம் உண்டு. 1862-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் தம் அமைச்சர்களைக் கூட்டி, முதற்கண் இதனையே படித்துக் காட்டினார். ஸ்டாண்டன் ஒருவர் நீங்கலாக ஏனையோர் மகிழ்ந்தனர் என்று அமைச்சர் சேஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். பின்னர் லிங்கன் அப்புத்தகத்தை வைத்துவிட்டு, அடிமைகளின் விடுதலையை முன்னறிவிக்கும் பிரகடனத்தை எடுத்தார். மெய்ப்பாடு எட்டனுள் நகையைத் தொல்காப்பியர் முதற்கண் வைத்ததற்கு உரைகாரர் காரணங் கூறுவர். அன்றைய அமைச்சரவையில் நகை முன்னும் பெருஞ்செயல் பின்னுமாக நின்ற முறையையும் அதனோடு ஒருவர் சேர்த்தெண்ணலாம்.

எழுத்தினும் மேடையே வார்டுக்கு உரிய களம். 1861 முதல் அவர் சொற்பொழிவாளராயினார். 'காட்டிலகப்பட்ட குழந்தைகள்' என்பது தலைப்பு; பேச்சிலோ அக்குழந்தைகளைப் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே இராது. முகத்தில் முறுவலின் நிழலும் தோன்றாது. அவையோர் நகைத்தால், ஏன் நகைக்கின்றனர் என்று அறியாதவர் போல் வருந்தி நோக்குவார். வேடிக்கையான சொல்லைத் தாம் தவறிச் சொல்லிவிட்டவர் போல் மெல்ல நழுவவிட்டு, மேலே நடப்பார். நகைக்கு நிலைக்களமாகிய பேதைமை தன்கண்ணும் பிறன்கண்ணும் தோன்றும் என்பர் உரையாசிரியர். வார்டு அதனைத் தம்மிடத்தே ஏற்றிக்கொண்டு மேடையேறினார். மெழுகுப் பொம்மைக்காரனாகிய பேதை இங்கே எழுத்துப்பிழையின்றியே வாழ்ந்தான்.

1863-ஆம் ஆண்டில் அவர் மேற்றிசைப் பயணம் மேற்கொண்டார். கலிபோர்னியாவில் நாற்பது இரவுகளுக்கு என்ன எடுத்துக்கொள்வீர் எனச் சான் பிரான்சிஸ்கோ நாடக அரங்க உரிமையாளர் தந்தியிற் கேட்க, பிராந்தியும் நீரும் என்று வார்டு விடையிறுத்தார் என்பர். தந்தி அனுப்பியவர் வினவியது ஊதியத்தை. அந்நகைமொழி வார்டு வருமுன்னரே அந்நாட்டில் அவர்க்கு விளம்பரமாயிற்று.

அவ்வாண்டு டிசம்பர் மாதம் நெவாடாவிலுள்ள விர்ஜினியா நகரத்தை அவர் அடைந்தார். 1859-ஆம் ஆண்டில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டதனால் மலைச்சரிவில் திடீரென எழுந்த ஊர் அது. அதன் நாளிதழாகிய 'டெரிட்டோரியல் எண்டர்பிரைஸ்' அலுவலகத்தில் கிளெமென்ஸ் உள்ளூர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளி தேடித் தோற்றவரை 1862-ஆம் ஆண்டில் வாரத்திற்கு 25 டாலர் ஊதியத்தில் அழைத்துக்கொண்டவர் பத்திரிகைத் தலைவர் ஜோசப் குட்மன். மார்க் டுவெய்ன் என்னும் கையெழுத்து அவ்விதழில் முதன்முதல் தோன்றியது 1863-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில்தான். வார்டு வந்தபொழுது அப்பெயருக்கு வயது ஓராண்டுகூட நிரம்பவில்லை.

அன்றியும், அப்பெயர் அப்பொழுது நற்பெயருமன்று. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், பங்கு வாணிக மோசடியாற் பொருளிழந்த ஒருவன் தன் மனைவியையும் மக்களையும் கொன்றான் என்று டுவெய்ன் ஒரு செய்தி எழுதினார். மோசடிக் கம்பெனிகளைக் குத்திக்காட்டக் கருதி எழுதிய புனைகதை அது. படித்தோர் மெய்யென நம்பினர். பிற பத்திரிகைகளும் எடுத்து வெளியிட்டன. மறுநாள் அது பொய்யென்று அவரே ஒப்புக்கொண்டதும், ஏமாந்த பத்திரிகைகள் சீறின. விலகிக்கொள்வதாக அவர் கூறியும் குட்மன் விடவில்லை. அவ்வழக்கில் டுவெய்ன் பக்கம் யாம் நிற்கமாட்டோம். குழந்தைகளின் குருதியை நகைக்கு மையாகக் கொள்ளுதல் தவறே. ஆயினும் பார்க்கவேண்டியது இது: அவ்வாரவாரம் அடங்கி இரண்டு திங்களும் ஆகாத வேளையில், நாட்டிலேயே பெயர்பெற்ற நகைச்சுவையாளர் வந்து, அக்குற்றவாளியின் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஏறக்குறைய பத்து நாட்கள் வார்டு அவ்வூரில் தங்கினார். கிறிஸ்துமஸ் காலம், விருந்துகள் பல, மதுவும் நிரம்ப ஓடிற்று. அதனை மறைத்தெழுத யாம் விரும்பவில்லை. ஆனால் வார்டு விருந்துண்டு பாராட்டிவிட்டுப் போயிருப்பாராயின் இக்கட்டுரைக்கு இடமிராது. முகத்தெதிரே கூறும் பாராட்டுக்குச் செலவில்லை. 1864-ஆம் ஆண்டு முதல் நாளன்று, ஆஸ்டின் என்னும் அடுத்த ஊரிலிருந்து அவர் டுவெய்னுக்குக் கடிதமெழுதினார். நியூயார்க்கிலுள்ள 'சண்டே மெர்க்குரி' இதழின் நண்பர்களுக்கு அவரைப்பற்றி விரைவில் எழுதுவதாக அதில் உறுதி கூறினார். பாலைப்புதர்களினிடையே மறைந்து கிடவாமல் நியூயார்க்குக்கு வரவேண்டுமென்று வார்டு தம்மை வற்புறுத்தியதனை, அந்நாட்களில் டுவெய்ன் தம் அன்னைக்கு எழுதிய கடிதத்தாலும் அறிகின்றோம். பிப்ரவரி மாதத்திலேயே அவர் கட்டுரைகள் இரண்டு 'மெர்க்குரி'யில் வெளிவந்தன.

எருசலேமிலிருந்த சீஷர்கள் சவுலைக் கண்டு அஞ்சி விலகியபொழுது, அவனை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்று அவன் பொருட்டுப் பேசினவன் பர்னபா. பின்னர் நடபடிகளின் ஏடுகளைப் பவுலே நிரப்புகின்றான்; பர்னபா கப்பலேறிச் சீப்புருவுக்குப் போனபின் அவனைப்பற்றி அந்நூலிற் பேச்சில்லை. வார்டை யாம் பரிசுத்தவானாக்கவில்லை. முன்னிற்பவன் ஒருவன் பின்னிற்பவனுக்கு வழிவிடும் அச்செயலின் வடிவம் ஒன்றே என்றுதான் கூறுகின்றோம்.

டுவெய்ன் நியூயார்க்கு அப்பொழுது செல்லவில்லை. 1864-ஆம் ஆண்டு மே மாதம் நெவாடாவை விட்டுச் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார். அங்கே பத்திரிகை வேலை கிடைத்தது, போயிற்று. குளிர்காலத்தில் கலவேராஸ் பகுதியிலுள்ள பழைய தங்கச் சுரங்க மேடுகளில் நண்பரோடு தங்கினார். விடாமழை. ஏஞ்சல்ஸ் கேம்ப் என்னுமிடத்து விடுதியில் முதியவர் ஒருவர், ஓரிடத்தும் புன்முறுவலின்றி, குதிக்குந் தவளையொன்றின் வரலாற்றைக் கூறக் கேட்டார். குறிப்பேட்டில் சில வரிகள் எழுதிக்கொண்டார். 1865-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் நகருக்கு மீண்டபொழுது வார்டின் கடிதம் காத்திருந்தது. தாம் வெளியிடவிருக்கும் பயண நூலுக்குக் கதையொன்று அனுப்புமாறு வார்டு அதிற் கேட்டிருந்தார்.

இவ்வேண்டுகோளே பாயிரத்தின் உச்சி என்போம். வார்டின் நூல்கள் நன்கு விலைபோன காலம் அது. தம் பெயர் பொறித்த நூலுக்குள், தம் எழுத்துக்குப் பக்கத்திலேயே, அதே சுவையில் எழுதும் வேறொருவனுக்கு இடமளித்தல் எளிதன்று. இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பினை வாசகருக்குத் தாமே தந்ததாகும்.

டுவெய்ன் பல திங்கள் எழுதாமல் காலங்கடத்தினார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் தம் தமையனுக்கு எழுதிய கடிதம் அவர் மனநிலையைக் காட்டுகின்றது. வாழ்வில் தமக்கு இரண்டு பேரவாக்களே இருந்தன என்கிறார்: ஒன்று ஆற்றுக் கப்பலின் மாலுமியாதல், மற்றொன்று சுவிசேஷப் பிரசங்கியாதல். முன்னது கைகூடிற்று, பின்னதற்கு வேண்டிய மூலதனமாகிய மதம் தம்மிடமில்லை. எஞ்சியது கீழ்த்தரமான இலக்கியத்திற்கு, அதாவது நகைச்சுவைக்கு, வந்த அழைப்பே. அதிற் பெருமை ஒன்றுமில்லையாயினும் அதுவே தம் வலிமை என்கிறார். அக்கடிதத்திலேயே, மூன்று திங்களில் கடன் தீராவிடில் துப்பாக்கியோ நஞ்சோ தம்மை முடித்துவிடும் என்றும் எழுதினார். அவர் வாயில் எது விளையாட்டு, எது மெய் என்று பிரித்தல் அரிது. ஆயினும் 1866-ஆம் ஆண்டில் ஒரு நாள் துப்பாக்கியைத் தம் தலையில் வைத்துப் பார்த்ததாக, முதுமையில் ஒரு நூலின் ஓரத்தில் அவரே எழுதி வைத்தார். தமக்குரிய தொழில் இழிந்ததென்று எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்கே வார்டின் வேண்டுகோள் சென்றது என்பதை மறத்தலாகாது.

அக்டோபரில் கதை எழுதப்பெற்றது. ஜிம் ஸ்மைலி எதற்கும் பந்தயங்கட்டும் இயல்பினன். அவன் வளர்த்த தவளையை வெல்லவல்ல தவளை அவ்வட்டாரத்தில் இல்லை. அயலான் ஒருவன் வந்து, தனக்குத் தவளை இருந்தால் பந்தயங்கட்டலாம் என்கின்றான். ஸ்மைலி அவனுக்காகத் தவளை பிடித்துவரச் சேற்றுக்குள் இறங்குகின்றான். அதற்குள் அயலான் ஸ்மைலியின் தவளைக்கு வாய்நிறையக் காடை சுடும் ஈயக்குண்டுகளை ஊட்டிவிடுகின்றான். தவளை தோளை அசைக்கின்றது, எழமுடியவில்லை. அயலான் 40 டாலரைப் பெற்றுக்கொண்டு போகின்றான். கதை இவ்வளவே. இதனைச் சைமன் வீலர் என்னும் கிழவன், மிக மேலான வரலாறு ஒன்றைக் கூறுபவன் போல், குரலும் மாறாமற் கூறுகின்றான். கேட்டுக்கொண்டிருப்பவனோ எப்பொழுது தப்பியோடலாம் எனப் பார்க்கின்றான்.

இக்கிழவனை எங்கோ கண்டது போலிருக்கின்றதன்றோ? மேடையில் வருத்தமுகத்தோடு நிற்கும் வார்டே இவன். வார்டு தம் முகத்தாலும் குரலாலும் செய்ததனை டுவெய்ன் வெறுந் தாளின்மேற் செய்து காட்டினார். எழுத்துப்பிழையைக் கொண்டு அவர் நகை விளைக்கவில்லை. பேச்சின் நடையே போதியதாயிற்று. தம் எழுதுகோலுக்கு முற்றும் கைவராத ஒன்று இவ்விளைஞனிடம் உண்டென்பதனை விர்ஜினியா நகரத்திலேயே வார்டு கண்டுகொண்டார் என்று யாம் கருதுகின்றோம். எழுத்தாளராக அவர் நடுத்தரத்தினர். செவியுடையராக முதல் வரிசையினர்.

கதை நியூயார்க்கைச் சேர்ந்தபொழுது வார்டின் நூல் அச்சேறிவிட்டது. பதிப்பாளர் கார்ல்ட்டன், நொடித்துக்கொண்டிருந்த 'சாட்டர்டே பிரெஸ்' என்னும் வாரத்தாளின் ஆசிரியர் ஹென்றி கிளாப்பிடம் அதனைத் தள்ளிவிட்டார். 1865-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் வெளிவந்தது. நாடெங்கும் பத்திரிகைகள் எடுத்து வெளியிட்டன. டுவெய்ன் மகிழ்ந்தாரா? 1866-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அன்னைக்கு எழுதுகையில், வார்டின் மனமகிழ்ச்சிக்காகவன்றி ஒருநாளும் எழுதியிராத அற்பக் கிறுக்கலைப் போய்ப் புகழ்கின்றார்களே என்று குறைபட்டுக்கொண்டார்.

அவ்வாண்டில் வார்டு இங்கிலாந்து சென்றார். நவம்பர் மாதம் இலண்டனில் எகிப்தியன் ஹால் மேடையேறினார். 'பஞ்ச்' இதழிலும் எழுதினார். பின்னே தொங்கிய திரைச் சித்திரங்கள் வேண்டுமென்றே மோசமாகத் தீட்டப்பட்டவை. அவற்றை அவர் பெருமிதத்தோடு சுட்டுவார்; அவை நகைக்கும்; அவர் வருந்துவார். உள்ளேயோ காசநோய் முற்றிக்கொண்டிருந்தது. ஜனவரியில் மேடை நின்றது. 1867-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் சௌதாம்ப்டன் துறைமுக நகரில் இறந்தார். வயது முப்பத்திரண்டு.

டுவெய்ன் அவரை மறந்தாரல்லர். 1871-ஆம் ஆண்டில் வார்டைப்பற்றியே ஊரூராகச் சொற்பொழிவாற்றினார். அது சோபிக்கவில்லை, சில வாரங்களிற் கைவிட்டார். 1895-ஆம் ஆண்டில் கதை கூறும் முறைபற்றி எழுதிய கட்டுரையில், வேடிக்கையான சொல்லை அறியாதவர் போல் நழுவவிடும் கலைக்கு வார்டையே எடுத்துக்காட்டாக வைத்தார்.

ஆயினும் அத்தவளைக் கதையின் முதற்பக்கத்தில் நேர்ந்த சிறு மாற்றமொன்றை மாணவர் காணவேண்டும். 'சாட்டர்டே பிரெஸ்' தாளில் அக்கதை ஒரு கடிதமாகவே தொடங்கிற்று. தலைப்பிற்கு அடுத்து, விளிக்கப்படுபவராக வார்டின் பெயரே நின்றது. 1867-ஆம் ஆண்டில், வார்டு இறந்து இரண்டு திங்களுக்குள், டுவெய்னின் முதல் நூலாக அக்கதைத் தொகுதி வெளிவந்தது. அதில் கடிதவடிவம் நீக்கப்பட்டது. பின்வந்த பதிப்புக்களும் பெரும்பாலும் அதனையே தழுவின. வார்டின் பெயர் இருந்த இடத்தில், கிழக்குப் பகுதியிலிருந்து எழுதிக் கேட்ட நண்பர் ஒருவர் என்று மட்டும் காண்கின்றோம்.